நடுவில் நின்ற ஊசி

இந்தக் கதைக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம். ஆனால் இப்போதே திறந்து காட்ட மாட்டேன். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தவன் முகம் என்ன கதியாகும் என்று எந்த வண்டிக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆறட்டும். அதுவரைக்கும் கண்டக்டர் மாதேஸ்வரன் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். நல்ல மனுஷர். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

மாதேஸ்வரன் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். அதில் பத்தொன்பது வருஷம் கொல்லிமலை ரூட். எழுபது கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறை. பயணிகளைப் பார்த்து நின்றபடியே போனவர் ஆகையால், எழுபதையும் பின்பக்கமாகத்தான் தெரியும்.

ஓய்வு பெற்றதும் பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். அறுபது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார். சமதரையில் ராஜா. மலையில்தான் சிக்கல். முதல் தடவை பதினேழாவது வளைவில் வண்டி கொதித்து நின்றது. இரண்டாம் தடவை இருபத்திரண்டில். இரண்டு தடவையும் லாரிக்குப் பின்னால் கயிறு கட்டித்தான் இறங்கி வந்தார்.

அவருடைய ஒரே மகள் தேன்மொழி மலைமேல்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு இது ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்த கையோடு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதைத் தன் வண்டியில், தன் கையால் ஓட்டிச் செய்ய வேண்டும் என்பது மாதேஸ்வரனின் ஆசை.

வீட்டில் ருக்குமணி அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டாள்.

"புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு நடுமலையில நின்னா என்ன பண்ணுவீங்க? விசில் ஊதுவீங்களா?"

அதனால்தான் மாதேஸ்வரன் வெள்ளிக்கிழமை காரவள்ளிக்குப் போனார்.

காரவள்ளி மலையடிவாரம். அங்கே கோகிலவாணி என்பவரின் பட்டறை இருக்கிறது. வயது முப்பத்தைந்து இருக்கும். பேச்சு குறைவு. மேலே போய்ப் படுத்துக்கொண்ட வண்டியெல்லாம் அவரிடம்தான் இறங்கி வரும். லாரி டிரைவர்கள் மீசையை ஒதுக்கிக்கொண்டு "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மாதேஸ்வரனும் அப்படியே கூப்பிட்டார்.

"மாஸ்டர், இன்ஜின் ஏனுங்க கொதிக்குது?"

மாஸ்டர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பஸ்ல வாந்தி எடுப்பாங்களாண்ணா?"

"என்னுங்க இப்படிக் கேட்டுப்புட்டீங்க? கொல்லிமலை ரூட்டுங்க! டிக்கெட் கட்டு மறந்தாலும் மறப்பேன், பாலிதீன் பை மறக்க மாட்டேன்."

"யாரு எடுக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரியுமா?"

மாதேஸ்வரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, எதிரில் கிடந்த டிரம்மின் விளிம்பை முன்சீட்டுக் கம்பியாக்கிக்கொண்டார்.

"அடிவாரத்துல ஏறுனதுல இருந்து வாய் ஓயாம பேசிட்டு வந்த பொம்பள, பொசுக்குன்னு பேச்ச நிறுத்தும். அது ஒண்ணு. கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கும். எச்சி முழுங்கும். இப்படி. மேலுதட்டுல பொடிப்பொடியா வேர்க்கும். நான் போயி பைய நீட்டுவேன். ‘ஐய, எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்’னு சொல்லும். ரெண்டு வளைவு. அவ்வளவுதானுங்க."

"நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா நம்பிருவீங்களா?"

"நம்புனா பஸ்ஸ யாருங்க கழுவறது?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஸ்பானரை ஆணியில் மாட்டினார்.

"வண்டி இன்னிக்கி இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களேண்ணா."

மாதேஸ்வரன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை. சித்திரை வெயில் பத்து மணிக்கே தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

வண்டி பட்டறை வாசலில் தயாராக நின்றது. அதன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பஸ் ஒன்றை ஏலத்துக்கு அனுப்பியபோது, மாதேஸ்வரன் கெஞ்சிக் கேட்டு அதன் தகரப் பலகையை வாங்கி வைத்திருந்தார். மஞ்சள் பலகை. கறுப்பு எழுத்து. ‘நாமக்கல் – சோளக்காடு’. அதைக் காருக்கு முன்னால், இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். கண்ணாடிக்குள் வைத்தால் கம்பீரம் இல்லையாம்.

மாஸ்டர் பலகையின் விளிம்பை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல எழுத்து" என்றார்.

மாதேஸ்வரன் பூரித்துப்போனார்.

வண்டியை ஓரடி முன்னால் தள்ளியபோது, அது நின்ற இடத்தில் எட்டணா அகலத்துக்குப் பச்சையாக ஒரு துளி தெரிந்தது. மாஸ்டர் அதையும் பார்த்தார். மாதேஸ்வரனையும் பார்த்தார்.

"ஏசித் தண்ணிங்க" என்றார் மாதேஸ்வரன்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். சரி என்றா, சரியில்லை என்றா என்று தெரியவில்லை.

"மேல வரைக்கும் போய்ட்டு வரணும்ணா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். வாயத் திறக்க மாட்டேன். திறந்து சொல்ற மாதிரி ஆயிருச்சுன்னா, ஞாயித்துக்கிழமைக்கு வேற டிரைவர். சம்மதமா?"

"சம்மதமுங்க. ஊசிய மட்டும் பாத்துக்கிட்டா போதும்னு மருமகன் சொல்லியிருக்காரு. ‘மாமா, ஊசி நடுவுல நின்னா ஒண்ணும் பயமில்ல மாமா. சிவப்புப் பக்கம் போனா மட்டும் நிறுத்துங்க மாமா.’ வாத்தியாருங்க அவரு. ஒண்ண மூணு தடவ சொல்லுவாரு."

கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. தேன்மொழி. மாதேஸ்வரன் ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு எல்லாப் பேச்சும் ஊருக்குக் கேட்க வேண்டும்.

"கண்ணு, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்ப்பா. நீங்க?"

"எனக்கென்ன. குரல் ஏன் டல்லடிக்குது?"

"ஒண்ணுமில்லப்பா. வெயிலு. லேசாத் தலவலி. ரெண்டு நாளா செருப்பு வேற காலுக்குள்ள போக மாட்டேங்குது."

"விடு கண்ணு, அப்பா புதுசு வாங்கியாறேன். ஒரு நம்பர் பெருசா. இன்னிக்கி மேல வரைக்கும் வண்டி ஓட்டிப் பாக்க வாறேன். வீட்டுக்கு வர மாட்டேன். சீர்த்தட்டு இல்லாம சம்பந்தி வாசல மிதிச்சா உங்கம்மா என்னைய மிதிச்சிருவா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

"சரிப்பா. பாத்து வாங்க" என்று மட்டும் வந்தது.

மாதேஸ்வரன் போனைப் பைக்குள் போட்டார். "நல்லா இருக்காளாம்" என்றார்.

மாஸ்டர் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

மாதேஸ்வரன் சாவியைத் திருகினார். திருகியதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மாஸ்டர்! ஸ்டார்ட் பண்ணுன உடனே ஊசி நடுவுல வந்து நின்னுக்கிச்சு. முன்னெல்லாம் கீழ கெடந்து மெதுவா ஏறும். நீங்க கை வெச்ச வண்டின்னா சும்மாவா!"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு தடவை குலுங்கியது. ‘பாவம், இருமல்’ என்று நினைத்துக்கொண்டார் மாதேஸ்வரன்.

(சிரிப்பா? பொறுங்கள். இன்னும் சூடே ஏறவில்லை.)

கண்ணாடியில் அவருடைய பழைய விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து இரண்டு தடவை ஊதினார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் ரைட், போகலாம். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஊதாமல் காலை எடுத்தால் அவருக்கு வண்டி ஓடாது.

வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் மாதேஸ்வரன் ஊசியைப் பார்த்து அறிவிப்புச் செய்தார்.

"எட்டு. நடுவுல."

"பன்னெண்டு. நடுவுல. இங்கதானுங்க ஒருக்கா பலாப்பழம் உருண்டு டிரைவர் காலுக்கடியில போயிருச்சு."

"பதினேழு! போன மாசம் இங்கதான் மானம் போச்சு. இன்னிக்கி பாருங்க, நடுவுல."

பத்தொன்பதாவது வளைவில் ஏசிக் காற்றில் குளிர்ச்சி போய்விட்டது. வெறும் காற்று வந்தது. பிறகு வெந்நீர் அண்டா மேல் அடிக்கிற காற்று மாதிரி வந்தது. மாஸ்டர் பேசாமல் ஜன்னலை இறக்கினார்.

"மலை ஏற ஏற வெளிக்காத்து குளுகுளுன்னு இருக்குமுங்க. அதான் உள்ள தெரியல" என்றார் மாதேஸ்வரன்.

இருபத்தெட்டில் ஒரு வாசனை வந்தது. இனிப்பு வாசனை. வெல்லப் பாகு காய்ச்சுவது போல.

மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். கொஞ்சம் சத்தமாகவே.

"யாரோ பணியாரம் சுடுறாங்க போல" என்றார் மாதேஸ்வரன். சுற்றிலும் மூங்கில் காடு. ஒரு குடிசைகூட இல்லை.

"முப்பத்தொண்ணு. நடுவுல."

முப்பத்தைந்தில் ஏற்றம் செங்குத்து. மிதித்தபோது முன்னாலிருந்து கிணிகிணி என்று ஒரு சத்தம். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டு ஆட்டுவது போல. மிதித்த அளவுக்கு வண்டி போகவும் இல்லை. எருமையைச் சந்தைக்கு இழுத்துப் போவது போல இருந்தது.

"பாரமுங்க" என்றார். வண்டியில் இருந்தது இரண்டே பேர். அவருக்கே அது கொஞ்சம் உறைத்தது. ஊசியைப் பார்த்தார். நடுவில். மனம் சமாதானமாயிற்று.

நாற்பது. நாற்பத்தொன்று.

மாஸ்டர் துப்பட்டா முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கவனமாக இருந்தார். ஒரு கை, சாவி தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடப்பது போலக் கிடந்தது.

நாற்பத்துமூன்று.

மாதேஸ்வரனும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. என்னவோ குறைந்தது போல இருந்தது. அடிவாரத்திலிருந்து அவரோடு முனகிக்கொண்டே வந்த இன்ஜின், இப்போது தொண்டையைப் பிடித்தது போல ஓடியது. வழக்கமான சத்தம் இல்லை. வேறொரு சத்தம். அடியில் விசிறி மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

‘வாய் ஓயாம பேசிட்டு வந்தது, பொசுக்குன்னு…’

அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கியது.

நாற்பத்தைந்து. பானெட்டின் விளிம்பில், இடுக்கில், ஊதுபத்திப் புகை போல மெல்லிசாக ஆவி. பொடிப்பொடியாக. மேலுதட்டு வேர்வை மாதிரி.

ஊசியைப் பார்த்தார். நடுவில். அசையாமல். ‘ஐய, எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்.’

"அடியாத்தி" என்றார் மாதேஸ்வரன். "இது வாந்தி எடுக்கப் போவுது!"

நாற்பத்தாறாவது வளைவில், சாலை கொஞ்சம் அகலமாக இருந்த ஓரத்தில், வண்டியை ஒதுக்கினார். ஏசியை அணைத்தார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவினார். இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினார்.

குப்பென்று வெள்ளைப் புகை. உள்ளே கொளகொளவென்று சத்தம். அண்டாச் சோறு பொங்குவது போல.

மாதேஸ்வரன் தோள்துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிறகு அவரை இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த சிறு பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். பையிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு எடுத்து அவருக்கு ஒன்று கொடுத்தார். ஒரு குரங்கு வந்து பார்த்தது. அதற்கும் ஒன்று.

(ஆமாம், சிரிப்பு. அதுவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மூடி ஆறட்டும்.)

கால் மணி நேரம் போயிற்று. மாதேஸ்வரனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். பள்ளத்தாக்கிலிருந்து நல்ல காற்று. வண்டியின் முகத்துக்கு எதிரில் நின்றபோது அந்தக் காற்று அவர் முதுகில் அடித்தது. பலகையில் பட்டு டப் டப் என்று சத்தம் எழுப்பியது.

பலகைக்குப் பின்னால் விரலை நுழைத்துப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுப்பு.

"மாஸ்டர்" என்றார். "வாந்தி வர்றவங்கள நான் என்ன பண்ணுவேன் தெரியுமுங்களா? ஜன்னலோரத்துக்கு மாத்தி உக்கார வெச்சு, ஷட்டரத் தூக்கி விடுவேன்."

மாஸ்டர் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தார்.

"வண்டி மூச்சு விடுற இடத்துல நானே ஷட்டர இறக்கி, கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்."

கட்டிய கம்பியை அவிழ்த்தார். பலகை கையோடு வந்தது. ‘நாமக்கல் – சோளக்காடு’. அதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. துண்டால் அதன் தூசியைத் துடைத்து மரத்தில் சாய்த்து வைத்தார்.

குனிந்து அடியில் பார்த்தார். பச்சைத் துளி. இன்னொன்று. ஒரு ரப்பர் குழாயின் கழுத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இது ஏசித் தண்ணி இல்லீங்க. ஏசித் தண்ணிக்கு ஏது பச்ச? இது ரேடியேட்டர் தண்ணி."

நீட்டிய கையில் மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். எப்போது எடுத்து வந்தார் என்று தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் குழாயைத் தொட முடிந்தது. மாதேஸ்வரன் அதன் வளையத்தைத் திருகி இறுக்கினார். பிறகு மூடி மேல் துண்டைப் போட்டு, மெதுவாக, கால் திருகு, நிறுத்தி, இன்னும் கால் திருகு என்று திறந்தார். உஸ் என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். மாஸ்டர் கொண்டு வந்த கேனிலிருந்து பச்சைத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினார். மூடினார். துளி நின்றுவிட்டது.

"தன்னால கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா! நீங்க வாயே திறக்கல!"

பெருமையோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"வாங்க மாஸ்டர், ஆறிடுச்சு. ஊசி நடுவுல வந்து…"

பேச்சு நின்றது.

கையைப் பார்த்தார். சாவி கையில் இருந்தது. சாவித் துவாரத்தைப் பார்த்தார். காலி. மீட்டரைப் பார்த்தார். வேகத்து ஊசி பூஜ்யத்தில். பெட்ரோல் ஊசி படுத்துக் கிடந்தது. எல்லோரும் தூங்கப் போன வீட்டில் ஒருத்தன் மட்டும் விறைப்பாக எழுந்து நிற்பது போல, சூட்டு ஊசி நடுவில் நின்றது.

கண்ணாடியைச் சுண்டினார். அசையவில்லை. உள்ளங்கையால் தட்டினார். அசையவில்லை. மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார். ஊசியின் அடியில் கடுகளவு ஒரு பசைத் துளி, காய்ந்து பளபளத்தது.

"ஸ்டார்ட் பண்ணுனப்பவே நடுவுல…" என்றார்.

"கொதிச்சப்பவும் நடுவுல…" என்றார்.

"நேத்து ராத்திரி வண்டி…"

மெதுவாகத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து, நசுங்கிய பசைக் குப்பி ஒன்றை எடுத்து, பயபக்தியோடு பானெட் மேல் வைத்தார். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கத் தொடங்கியது. இருமல் இல்லை.

மாதேஸ்வரன் சிரித்தார். முதலில் மூக்கால். பிறகு வயிற்றால். "நாப்பத்தஞ்சு வளைவு! நாப்பத்தஞ்சு வளைவுக்கும் நடுவுல நடுவுலன்னு டிக்கெட் கிழிச்சிட்டு வந்தேனே! பணியாரம்னேனே!" ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தார். ஹாரன் அலறியது. குரங்கு வெள்ளரியைப் போட்டுவிட்டு மரத்துக்கு ஓடியது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாத்தான் இருக்கேன்னு ஒண்ணு சொன்னா, அதையே நம்பிக்கிட்டு…"

சிரிப்பு பாதியில் நின்றது.

துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே இருந்தது.

போனை எடுத்தார். இரண்டு கோடு சிக்னல் இருந்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் அந்த அமைதியில் எல்லாம் கேட்டது.

"சொல்லுங்கப்பா. நல்லா இருக்கேன்ப்பா."

அவர் இன்னும் கேட்கவே இல்லை.

"கண்ணு" என்றார். "கையில போட்ட மோதிரம் சுத்துதா?"

"…நேத்துல இருந்து கழட்ட வரலப்பா. சோப்புப் போட்டும் வரல. உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லல. தலவலி விட்டுருச்சா?"

"இல்லப்பா. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்குது." குரல் உடைந்தது. "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. வளையல் எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமைய நிறுத்திப்புடுவாங்க."

"மாப்பிள்ள எங்க?"

"பேப்பர் திருத்தப் போயிருக்காரு."

"கதவத் தாப்பாப் போடாத. ஒருச்சாஞ்சு படுத்துக்க. பக்கத்து வீட்டு அக்காவக் கூப்புட்டு உக்கார வெச்சுக்க. மாப்பிள்ளைக்கு நான் போன் போடுறேன். இது பிரஷரா இருக்கும் கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்பா வந்துட்டேன்."

மருமகனுக்குப் பேசினார். மூன்று வார்த்தை. போனை வைத்தார்.

இறங்கி மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். கையில் ஸ்க்ரூ டிரைவரும் அழுக்குத் துண்டும் இருந்தன. வேறொன்றும் இல்லை. தட்டில்லை, பூவில்லை, பழமில்லை.

"வெறுங்கையோட போறேன் மாஸ்டர்."

மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருபத்துநாலு வளைவு இருக்குது. ஊசி கெடையாது. மூக்கும் காதும்தான். போலாமுங்களா? நீங்க ஓட்டுறீங்களா?"

மாஸ்டர் மரத்தில் சாய்ந்திருந்த பலகையை எடுத்தார். சக்கரத்துக்கு வைத்த கல்லைக் காலால் தள்ளினார். பின்கதவைத் திறந்து பலகையை உள்ளே வைத்தார். ஓட்டுநர் இருக்கையின் பக்கம் அவர் போகவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கண்ணாடியில் தொங்கிய விசிலை மட்டும் கழற்றிக்கொண்டார்.

பின்னால் ஏறி, கதவோரமாக, கண்டக்டர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

மாதேஸ்வரன் சாவியைத் திருகினார். ஊசியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, இன்ஜின் முனகுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். மூச்சை உள்ளே இழுத்தார். காத்திருந்தார்.

பின்னாலிருந்து விசில் ஒலித்தது.

இரண்டு தடவை.